ஞாயித்துக்கெழமைக் கட்டம்

— ஆறு மணிக்கு மாத்திரை. ஆறேகாலுக்குச் சீனியில்லாத டீ. ஆறரைக்கு அந்த மூணு பந்து டப்பாவுல மூச்ச உறிஞ்சறது, பத்துத் தடவ. ஆறே முக்காலுக்குத் தோள முன்ன பின்ன சுத்தறது. ஏழு மணிக்குப் பயிற்சி. எட்டுக்கு ராகிக் கூழ். எட்டரைக்கு...

— எட்டரைக்கு நீங்க வண்டியெடுத்துட்டு ஆபீசுக்குப் போயிருவீங்க. அதையும் எழுதியிருக்கீங்களா மாப்ள?

— அது உங்க அட்டவணைல எதுக்குங்க அத்தை?

— எனக்கு அதுதானுங்களே முக்கியம். சரி, படிங்க.

— இது தினமும் உள்ளது. இனி வாரக் கணக்கு, நாளைல இருந்து. திங்கள், இருபது நிமிசம் நடை. அன்னிக்கு மட்டும் ஏழரைக்கு. ரத்தம் எடுக்கறவர் ஏழு மணிக்குத்தான் வருவாரு.

— திங்கக்கெழமை ஏழரை ஒம்பது ராகு காலம்.

— நடக்கறதுக்கு என்னங்க ராகு காலம்?

— ஏனுங்க, நெஞ்சைப் பொளந்து பைபாஸ் பண்ணுனாங்களே, அது நல்ல நேரம் பாத்துப் படுத்தது. உசுரோட எந்திரிச்சனா இல்லையா?

— அந்த நேரத்துக்குத்தான் தியேட்டர் காலிங்க.

— அத ஆரு காலியா வெச்சது? மாத்தி எழுதுங்க.

— ...ஏழே காலு.

— அப்படி வாங்க.

— செவ்வாய், புதன் இருபத்தஞ்சு நிமிசம். வியாழன் படி ஏறறது. ஆறே படி, கைப்புடியப் புடிச்சு. வெள்ளி மறுக்கா நடை. சனிக்கெழமை நாற்காலில உக்காந்து எந்திரிக்கறது, கைய ஊனாம, பத்துத் தடவ.

— ஞாயிறு?

— ஓய்வுங்க.

— ஓய்வுன்னு எழுதலீங்களே. கட்டம் காலியாக் கெடக்குது.

— எழுதுனா என்ன, எழுதாட்டி என்ன... ஓய்வுதானுங்க.

— அன்புக்கரசி வாரத்துல ஒருநாள் சும்மா இருக்கச் சொல்லுச்சு. ஞாயித்துக்கெழமைதான்னு சொல்லலியே.

— பிசியோதெரப்பிக்காரங்க எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க.

— எல்லாரையும் பாத்துட்டு வந்தீங்களாக்கும். நவுருங்க, நான் இன்னிக்கும் நடக்கறேன்.

— வேண்டாங்க அத்தை. நாளைக்குப் பெரிய டாக்டரப் பாக்கோணும்.

— அதுக்குத்தான் நடக்கறது. பைபாஸ் ஆகி ஏழு வாரம் ஓடிப்போச்சு. நாளைக்கு அவரு 'ராமாத்தா, இனி நீ தனியா இருந்துக்கலாம்'னு ஒரு வார்த்தை சொல்லோணும். அது போதும் எனக்கு.

— தனியா எதுக்குங்க இருக்கோணும்? நான் இருக்கறனே.

— நீங்க உக்காருங்க, நாற்காலில. கிளிப்ப எண்ணுங்க. கேட்டுல இருந்து தொவைக்கற கல்லு வரைக்கும் ஒரு நடை, கொடில ஒரு கிளிப்பு. மில்லுல நான் நூல் கோன் எண்ணுனது இப்படித்தான்.

— கைய வேகமா வீசாதீங்க. பேசிக்கிட்டே நடங்க.

— பேசறதுக்கு எனக்குச் சொல்லித் தரோணுமா?

— பேச முடியாத மூச்சு வாங்குச்சுன்னா நிக்கோணும். அன்புக்கரசி சொன்னாங்கல்ல.

— அந்தப் புள்ளைக்கு என்னையத் தெரியல. மில்லு வைண்டிங்ல மிசினுச் சத்தத்துக்கு மேல எட்டு மணி நேரம் பேசுனவ நான்... போடுங்க ஒரு கிளிப்பு.

— போட்டாச்சு. நேத்து எத்தனை நடைங்க?

— பத்து.

— பத்துத்தானுங்களா?

— கொடியப் பாருங்க. நேத்துப் போட்ட கிளிப்பு அப்படியே இருக்குது.

— கிளிப்பு பத்து காட்டுதுங்க. உங்க கைல இருக்கற வாட்சு நேத்திக்கு ஏழாயிரத்து எரநூறு அடி காட்டுது.

— அது மௌனிகாவோட பழைய வாட்சு. தப்புக் காட்டும்.

— போன வாரம் சரியாத்தான் காட்டுச்சு.

— கிரைண்டர் மேல வெச்சிருந்தேன். அது ஆடுச்சு, இதும் ஆடியிருக்கும்.

— மாவு ஆட்டுனீங்களா? ரெண்டு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியும்...

— ஆட்டலீங்க! சும்மாதான் வெச்சேன்.

— ஓடாத கிரைண்டர் எப்படிங்க ஆடும்?

— ...பக்கத்தூட்டு ஆட்டுக்குட்டி கழுத்துல கட்டியுட்டேன். வெளையாட்டுக்கு.

— அவங்க ஆட்டை வித்து மூணு மாசமாச்சு.

— நீங்க பம்பு கம்பெனிக்குப் போனதுக்குப் போலீசுக்குப் போயிருக்கலாம்.

— எங்கீங்க நடந்தீங்க?

— தண்ணித் தொட்டி வரைக்கும்.

— நம்ம தெருக்கோடித் தொட்டியா? தனியாவா?

— நீங்க போன பொறவு. போயிட்டு வாரது ஒரு நடை. அப்படி அஞ்சு.

— அஞ்சா! நடுவழில நெஞ்சு அடைச்சிருந்தா ஆருங்க பாக்கறது?

— பாதி வழில மெஹராஜோட தையக்கடை இருக்குதல்லோ. உக்காந்து தண்ணி குடிச்சுப்போட்டுத்தான் நடப்பேன். அவளே கேக்கறா, 'அக்கா, எந்த ஊருக்கு இப்படி அவசரமாப் போறீங்க'ன்னு.

— நானும் அதத்தான் கேக்கறேன்.

— ஊருக்குப் போறது நானில்ல மாப்ள. நீங்க.

— எந்த ஊருக்கு?

— ஓசூருக்கு. உங்க கம்பெனில புதுசா ஃபேக்டரி கட்டியிருக்காங்களாம். ரெண்டு தடவ உங்களக் கூப்பிட்டாங்களாம். ரெண்டு தடவயும் 'அத்தைக்கு முடியல'ன்னுட்டீங்களாம்.

— எங்க ஆபீசுத் தமிழ்வேந்தன் சொன்னானா?

— ஆப்பிள் வாங்கிட்டு என்னையப் பாக்க வந்தான். ஆப்பிளோட சேதியவும் வெச்சுட்டுப் போயிட்டான்.

— அவன் வாய...

— அவனத் திட்டாதீங்க. நானா போட்டு நோண்டுனேன். மூணாவது தடவ கேக்க மாட்டாங்களாமே? செவ்வாக்கெழமைக்குள்ள சொல்லோணுமாமே?

— சொல்லிக்கலாம். முடியாதுன்னு.

— ஏனுங்க?

— உங்களப் பாத்துக்கோணும். மௌனிகா சொன்னது. 'அம்மாவப் பாத்துக்கங்க'ன்னு. அவ கடைசியாச் சொன்னது அதுதான். உங்ககிட்ட அன்னிக்கே சொன்னேனுங்களே.

— ...

— அத்தை? மூச்சு வாங்குதுங்களா? நின்னுக்குங்க.

— இல்லீங்க. ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்குவீங்களா?

— இல்லீங்க, சொல்லுங்க.

— என்ற புள்ள என்னைய அம்மான்னு கூப்பிட்டது நாலாப்பு வரைக்கும். பொறவு 'ஏ ராமாத்தா'தான். மில்லு கேட்டுல நின்னு கத்துவா, 'ராமாத்தா, ஊட்டுச் சாவியக் குடு'ன்னு. சூப்பர்வைசர் சிரிப்பாரு. உங்க கலியாணத்தன்னிக்கு, தாலி ஏறி ரெண்டு நிமிசம் ஆகல. 'ராமாத்தா, அழுவாத, போட்டோல மூஞ்சி நல்லா வராது'ன்னா. கேட்டீங்கல்ல?

— ...கேட்டேன்.

— அவ 'அம்மாவப் பாத்துக்கங்க'ன்னு சொல்லுவாளா?

— எப்பத் தெரியுமுங்க உங்களுக்கு?

— நீங்க சொன்ன அன்னிக்கே.

— ஒண்ணரை வருசமா? தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?

— பொய்யோ நெசமோ, என்னையப் பத்தினதா இருந்துச்சு. வெச்சுக்கிட்டேன்.

— அத்தை... உங்களுக்குன்னு ஒண்ணு சொல்லோணும்னு தோணுச்சு. வேற ஒண்ணும் தோணல.

— நான் உங்களக் குத்தம் சொல்லலீங்க. அந்தப் பொய்யச் சாக்கா வெச்சு நீங்க இந்த நாற்காலியிலயே உக்காந்துக்கறதுதான் எனக்குப் புடிக்கல. நெசமா என்ன சொன்னா?

— ஒண்ணுமில்லீங்க. சாதாரணப் பேச்சு.

— இருக்கட்டும், சொல்லுங்க.

— அப்பறம் சொல்றேன்.

— சரி. செருப்பப் போடுங்க.

— எதுக்குங்க?

— தொட்டி வரைக்கும் போலாம். ரெண்டு பேரும்.

— நீங்க போயிட்டு வாங்க... இல்ல, நீங்களும் வேண்டாம். எனக்குக் கால்வலிங்க.

— நெஞ்சைப் பொளந்தது எனக்கு. கால்ல இருந்து ரத்தக்கொழாய உருவி நெஞ்சுல வெச்சது எனக்கு. வலி உங்களுக்கா?

— அத்தை...

— நீங்க இந்தக் கேட்டத் தாண்டி நடந்து நான் ஒரு நாளும் பாத்ததில்ல மாப்ள. பால்கடை அம்பது அடி. அதுக்கும் வண்டிய ஒதைக்கறீங்க. ஞாயித்துக்கெழமையானா ஊட்ட உட்டே எறங்கறதில்ல. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. சரி, நான் கெளம்பறேன். தனியா. நடுவழில நெஞ்சு அடைச்சா மெஹராஜ் போன் பண்ணுவா.

— இருங்க... இருங்க. கேட்ட நான் தொறக்கறேன். நீங்க தள்ளக் கூடாது.

— தொறங்க, தொறங்க.

— மெதுவா வாங்க.

— ஆரு மெதுவா? நான் உங்களுக்கு நாலடி முன்னால போயிட்டேன்.

— வந்துட்டேன்.

— அடியக் கண்டு பயப்படறாப்புல நடக்கறீங்க. பேசிக்கிட்டே நடங்க. பேச முடியாத போனா நின்னுக்கலாம். அன்புக்கரசி சொன்னது எனக்கு மட்டுமில்ல.

— என்ன பேசறதுங்க?

— அன்னிக்கு நடந்தத. முழுசா நீங்க சொன்னதே இல்ல.

— ...காரமடைங்க. கோயிலுக்குப் போயிட்டு வெளிய வந்தோம்.

— அது தெரியும்.

— ஞாயித்துக்கெழமை. ஒரே கூட்டம். வண்டிய ரொம்பத் தள்ளி நிறுத்தியிருந்தோம். எனக்குச் செருப்பு புதுசு. குதிகால்ல கடிச்சிருச்சு. ரத்தம்.

— ம்.

— வண்டிய நான்தான் எடுக்கப் போயிருக்கோணும். எப்பவும் நான்தான் எடுப்பேன். அன்னிக்கு...

— மாப்ள?

— ...

— நின்னுக்குங்க. நின்னுக்குங்க, அவசரமில்ல. இந்தா மெஹராஜ் கடைப் படி. உக்காருங்க. மூச்ச இழுங்க, மூணு பந்தும் மேல போறாப்புல... ஆங். உடுங்க. மறுக்கா.

— ...ம்.

— என்னைய எண்ணறதுக்கு வந்தீங்க. இப்பப் பாருங்க, நான் உங்களுக்கு எண்ணிட்டு இருக்கறேன்.

— சிரிக்க வெக்காதீங்க.

— சிரிச்சா ஒண்ணும் தையல் பிரியாது, உங்களுக்கு. போலாமா?

— போலாங்க... சாவிய என் கைல இருந்து அவதான் புடுங்குனா. நான் பேக்கரியப் பாத்து நடந்தேன். ரெண்டு டீ சொன்னேன். அப்பத்தான் சத்தம் கேட்டுச்சு. லாரின்னாங்க. நான் ஒருக்காக்கூடத் திரும்பிப் பாக்கலீங்க அத்தை.

— திரும்பிப் பாத்திருந்தா?

— தெரியலீங்க.

— எனக்கும் தெரியல. செருப்பு கடிக்குதா இப்ப?

— இல்லீங்க. பழசு.

— அப்ப நடங்க. தொட்டி தெரியுது பாருங்க.

— உங்களுக்கு மூச்சு வாங்குதுங்களா?

— பேசிட்டுத்தான வாரேன். கொஞ்சம்கூட வாங்கல. நாளைக்கு அந்த டாக்டரையும் நடந்துட்டே பேசச் சொல்றேன், ஆருக்கு வாங்குதுன்னு பாக்கலாம்.

— வந்துட்டோங்க. தொட்டித் தூணத் தொடுங்க.

— நீங்களும் தொடுங்க. எத்தனை அடி காட்டுது?

— கையக் காட்டுங்க... காலைல இருந்து ஆயிரத்தி நாப்பது. 'மௌனிகா, ஆயிரத்தி நாப்பது அடி நடந்திருக்கீங்க.'

— இன்னும் அவ பேருலயா இருக்குது?

— மாத்த மனசு வரலீங்க.

— இருக்கட்டும். அவளும் நடக்கட்டும். ஞாயித்துக்கெழமைக் கட்டத்துல என்ன எழுதப் போறீங்க?

— 'தொட்டி வரைக்கும். ரெண்டு பேரும்.' ஒரே ஒரு நடை. அஞ்சு கெடையாது.

— ஓசூர்ல இருந்து வாராவாரம் எப்படி வருவீங்க?

— சனிக்கெழமை வேலை முடிச்சு பஸ் ஏறுனா வந்தர்லாம்.

— ஏறுவீங்களா?

— நாளைக்கு டாக்டர் சரின்னா, செவ்வாக்கெழமை கம்பெனில சரிங்கறேன். ஆனா அந்த அஞ்சு நடைய டாக்டர்கிட்ட நானே சொல்லுவேன்.

— கோள் மூட்டறதுல தமிழ்வேந்தனக் காட்டியும் மோசம் நீங்க... சரி, ஊட்டுக்குத் திரும்பலாம். திரும்பறதுக்கு முன்னால சொல்லிப்போடுங்க. அவ என்ன சொன்னா?

— உங்களப் பத்தி இல்லீங்களே அத்தை.

— பரவால்ல கண்ணு. சொல்லுங்க.

— சாவியப் புடுங்கிட்டு, சிரிச்சுட்டே சொன்னா... 'மாமா, நீங்க நடந்துட்டே இருங்க. நான் வண்டியெடுத்துட்டுப் பின்னாலயே வாரேன்.'