இருபதாவது பூச்சி

என் மகளுக்குப் பூச்சி என்றாலே அருவருப்பு. அதனால் பூச்சி பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஏழாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர் கொடுத்த புராஜெக்ட் அது. இருபது வகைப் பூச்சிகளைப் பிடித்து, தெர்மாகோல் அட்டையில் குண்டூசியால் குத்தி, கீழே பெயர் எழுதித் திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். எந்த வீட்டில் பிள்ளைகள் புராஜெக்ட் செய்கிறார்கள்? அம்மாக்கள்தான் செய்கிறோம்.

நான் நன்றாகவே செய்தேன். பிடித்ததை டப்பாவோடு ஃப்ரீசரில் ஒரு நாள் வைத்தால் சிறகு கசங்காமல் செத்துவிடும். வண்டுக்கு நட்ட நடுவில் ஊசி குத்தக் கூடாது, வலது பக்க ஓட்டில் குத்த வேண்டும். எல்லாம் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் கைவேலையை யாரும் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை.

மாடியில் நாங்கள், கீழே என் கணவருடைய அண்ணன் குடும்பம். சமையலறையும் ஃப்ரிட்ஜும் பொது. ஓரகத்தியின் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. அவள் முதல் ரேங்க், இவள் இரண்டாவது. ஒன்றாம் வகுப்பிலிருந்து இதே கதைதான். ஓரகத்தி ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. “ரெண்டும் நம்ம பிள்ளைங்கதானே” என்பார். சொல்லிக்காட்டியிருந்தால்கூட எனக்கு வயிறு இவ்வளவு எரிந்திருக்காது.

அந்தப் பெண் தன் பூச்சிகளைத் தானே பிடித்தாள். கால் ஒடிந்த வெட்டுக்கிளி, ஒரு பக்கச் சிறகு கிழிந்த தட்டான் என்று அட்டை பார்க்கச் சகிக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிக்கு வந்தாள்.

“சித்தி, குளவி மட்டும் கிடைக்கவே இல்ல. நீங்க எங்க பிடிச்சீங்க?”

“மொட்டை மாடியில, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி கூடு இருக்கு. மத்தியானம் போ, வெளிச்சம் நல்லா இருக்கும்.”

நான் பிடித்தது விடியற்காலையில். குளிரில் குளவிகள் மரத்துப்போய் அசையாமல் கிடக்கும். வெயில் ஏறிவிட்டால் கிட்டப் போக முடியாது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

அவள் தயங்கினாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரே ஒரு தேனீ கொட்டியதில் முகம் வீங்கி, தொண்டை அடைத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். “கொட்டிடுச்சுன்னா?” என்றாள்.

“உனக்கு ஆகாதது தேனீ. குளவி வேற இனம். தனித்தனியா பேர் எழுதுறியே, இதுகூடத் தெரியாதா?”

“ஆமால்ல” என்று சிரித்தாள். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு காரணம் சொன்னால் போதும், நம்பிவிடுவார்கள். பாட்டிலைக் கூட்டோடு ஒட்டிவைத்து ஒரு தட்டுத் தட்டச் சொன்னேன்.

முகம் வீங்கும், இரண்டு நாள் பள்ளிக்குப் போக மாட்டாள், தாமதமாகக் கொடுத்தால் பாதி மதிப்பெண்தான். என் மனதில் இருந்தது அவ்வளவே.

பதினோரு இடத்தில் கொட்டியிருந்தது. வெறும் பாட்டிலைப் பிடித்தபடி தானே படியிறங்கி வந்து, சமையலறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கென்று டாக்டர் கொடுத்த அவசர ஊசி ஒரு நீலப் பெட்டியில் ஃப்ரிட்ஜ் மேல் எப்போதும் இருக்கும். அன்று அங்கே இல்லை. ஓரகத்தி டப்பாக்களையெல்லாம் கொட்டிக் கவிழ்த்தார். அவள் அப்பா வண்டி பிடிக்க ஓடினார். நானும் முட்டி போட்டு ஃப்ரிட்ஜுக்கு அடியில் தேடினேன். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

பெட்டி என் பீரோவில், துணிகளுக்கு அடியில் இருந்தது. காலையில் குளவி பற்றிக் கேட்டுவிட்டு அவள் கீழே இறங்கிப் போனதுமே நான்தான் எடுத்து வைத்தேன். உடனே ஊசி போட்டுவிட்டால் வீக்கம் வடிந்து மறுநாள் பள்ளிக்குப் போய்விடுவாள் அல்லவா? தேடும்போதாவது எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். உன் பீரோவுக்கு எப்படி வந்தது என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வது?

பத்து நாள் கழித்து என் மகள் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகக் கீழே போய்ப் பெரியம்மா கையில் கொடுத்தாள். யாருக்காக இத்தனையும் செய்தேனோ, அவள்தான் உங்களுக்குச் சாட்சி.

சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த டீச்சரையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள். இறந்த பிள்ளையின் அட்டையைக் கேட்டு வாங்கி, முழு மதிப்பெண் போட்டு, வகுப்புச் சுவரில் மாட்டிவைத்திருக்கிறார். அதில் இருப்பது பத்தொன்பது பூச்சிதான். என் மகளுடையதில் இருபதும் இருக்கிறது, ஒரு கால்கூட ஒடியவில்லை. அப்படியும் அவளுக்கு இரண்டாவது இடம்தான். இது எந்த ஊர் நியாயம்?