புளியடிக் கடவையில் காட்டிய கை

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் பெருமதிப்புக்குரிய சோமசேகரம் ஐயா அவர்களே, பள்ளிவாசலிலும் கோவிலிலும் தேவாலயத்திலும் தொழுதுவிட்டு ஒரே பந்தலில் வந்து கூடியிருக்கும் பெரியோர்களே, வேலைக்குப் போன பிள்ளை வரும்வரை வாசலையே பார்த்திருக்கும் தாய்மார்களே! அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

நான் சுஹைரா, தமிழ் ஆசிரியை. போன மாதம், தண்டவாளத்தை வீதி கடக்கும் இந்தப் புளியடிக் கடவையில் ரயில் எஞ்சின் மோதி உயிர் பிரிந்து மௌத்தான நுஸ்ரத்தின் அக்கா. அழுகையை வீட்டில் வைத்துவிட்டு, ஆத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

கதவில்லாக் கடவை! காவலில்லாக் கடவை! கேள்வி கேட்க ஆளில்லாக் கடவை! மணி உண்டா? இல்லை. விளக்கு உண்டா? உண்டு. அது எரிந்ததைக் கண்டவர் எழுந்து நில்லுங்கள் பார்ப்போம்! சிரிக்கிறீர்கள். முன்பு எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

அப்படியென்றால் இத்தனை வருடமும் எதை நம்பிக் கடந்தோம்? ஒரு கையை நம்பிக் கடந்தோம். கடவையோரம் தேநீர்க்கடை வைத்திருக்கும், ஊருக்கே அண்ணனான ஜவாஹிர் காக்காவின் கை! வளைவில் வரும் ரயில் வீதியில் நிற்பவருக்குத் தெரியாது, அவர் கடை வாசலுக்குத் தெரியும். கையை விரித்தால் நில், வீசினால் போ. தம்பலகாமத்திலிருந்து நெல் ஏற்றி வரும் லொறியும் அந்தக் கைக்கு நின்றது, பள்ளிக்கூட வானும் நின்றது. அவரை யார் நியமித்தார்? ஒருவருமில்லை. தேநீர் ஆற்றிய கையாலேயே எங்கள் உயிரையும் காத்தார்.

அன்றும் காலை ரயில் போய்விட்டது. ஸ்கூட்டியில் வந்த என் தங்கைக்குக் காக்கா கையை வீசினார். "ரயில் போயிட்டு மகள், இனிப் பகலைக்கித்தான். நீங்க போங்க" என்றார். சீனக்குடாவில் எண்ணெய் ஏற்றும் ரயில் பெட்டிகளை எடுக்க ஓர் எஞ்சின் தனியாக வருகிறது என்று அவருக்கு யார் சொன்னது? ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவள், அன்று வேலைக்குப் போய்ச் சேரவில்லை.

நாளைக்கு வழக்கு. தண்டவாளம் எங்களது, வீதி எங்களதல்ல என்கிறது ரயில்வேக் கந்தோர். வீதி எங்களது, தண்டவாளம் எங்களதல்ல என்கிறது வீதிக் கந்தோர். அப்படியானால் இரண்டும் சந்திக்கும் அந்தத் துண்டு நிலம், என் தங்கை விழுந்த நிலம், யாருடையது? சொல்ல ஆளில்லை. ஆனால் குற்றவாளி மட்டும் கிடைத்துவிட்டார். ஜவாஹிர் காக்காவாம்!

என்ன தம்பி, பின்னால் சத்தம்? "கை காட்டினது அவர்தானே" என்கிறீர்களா? ஓம் தம்பி, அவர்தான். பிழை விட்டார். நுஸ்ரத்தும் நிறுத்தி இரு பக்கமும் பார்த்திருக்க வேண்டும், தங்கை என்பதற்காக அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு மனிதனின் கை கதவாக நிற்க வேண்டி வந்ததே, அதற்கு யார் கூண்டில் ஏறுவது?

காக்கா! எழும்பாதீங்க, இருங்க. வெட்கப்பட வேண்டிய ஆள் நீங்க இல்ல.

"ஏலாது மகள். இந்தக் கையப் பாக்கவே ஏலாது."

காக்கா சொன்னதைக் கேட்டீர்களா? அன்று பூட்டிய கடையை அவர் இன்னும் திறக்கவில்லை. அப்படியானால் இன்று காலை உங்கள் பிள்ளைகளை ஏற்றிய வான் யாரைப் பார்த்துக் கடந்தது?

"இங்கே ஆபத்து இருப்பது எமக்குத் தெரியாது" என்றுதான் நாளைக்குக் கந்தோர்காரர்கள் சொல்லப் போகிறார்கள். ஆகவே கேட்கிறேன். ஜவாஹிர் காக்காவின் கையைப் பார்த்து ஒரு தடவையாவது கடந்தவர்கள், உங்கள் கையைத் தூக்குங்கள்!

அல்லாஹ்வே! தலைவர் ஐயாவும்! வாசலில் நிற்கும் பொலிஸ் தம்பி, நீங்களுமா? இறக்காதீர்கள். ஊருக்கே தெரிந்தது கந்தோருக்குத் தெரியாதா? இந்தக் கைகளோடு நாளைக் காலை நீதிமன்றத்துக்கு வாருங்கள். நுஸ்ரத்தின் அக்கா நான், முதல் ஆளாகச் சாட்சி சொல்வேன். "நானும் அந்தக் கையை நம்பினவள், கதவு போடாதவரைக் கூப்பிடுங்கள்" என்பேன்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. வீட்டுக்குப் போகையில் கடவையில் நில்லுங்கள், இறங்குங்கள், இரு பக்கமும் பாருங்கள். கை காட்ட இன்றைக்கு அங்கே எவருமில்லை. வணக்கம், வஸ்ஸலாம்.