டீத்தூள் எங்கே இருக்கிறது

இந்தத் தேநீர் ஆறிவிட்டது. உங்கள் குற்றமில்லை, இன்ஸ்பெக்டர் ராத்போன். எந்தக் காவல் நிலையத்திலும் தேநீர் சூடாக வந்து நான் பார்த்ததில்லை. இந்த மாவட்டப் போலீசுக்கே தலைவராக இருந்தபோது எத்தனையோ விஷயங்களை மாற்றினேன். இதை மட்டும் மாற்ற முடியவில்லை.

வக்கீல் வேண்டாம். டேப் ஓடட்டும். எங்கள் காலத்தில் டேப் கிடையாது, வாக்குமூலத்தைக் கையால்தான் எழுதினோம். அதில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பெர்சி டக்டேலின் வாக்குமூலத்தை எழுதியவனே நான்தான்.

ரோலண்ட் ஆஸ்பினால் என்றால் கை சுத்தமான ஆள் என்பார்கள். மதுக்கடையில் ஓசி பீர் குடித்த கான்ஸ்டபிளைக்கூட வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். "ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி உங்க பாக்கெட்டையே நீங்க சோதனை போடுவீங்க போல," என்று என் மனைவி கேலி செய்வாள். நான் யாரையும் நம்பியதில்லை என்பது உண்மைதான். பயிற்சிப் பள்ளியில் உங்களுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். "ரொம்ப உதவி செய்யறவன் மேல ஒரு கண்ணு வைங்க. பொணத்தைத் தேடறப்ப முன்னால நடக்கறவன், அழறவங்களுக்குத் தண்ணி குடுக்கறவன், அவனுக்கு அங்க ஏதோ சொந்த வேலை இருக்கு." மற்றவர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அன்றைக்கே உங்கள் மேல் எனக்கு ஒரு சந்தேகம்.

நோரா ஹெஸ்கெத் விஷயத்துக்கு வருகிறேன். கிர்க்‌ஷாவில் ஆலைத் தெருக்கள்தான் என் ரோந்து. அந்தக் காலத்தில் எல்லாக் கான்ஸ்டபிளுக்கும் டீ குடிக்க ஒரு வீடு இருக்கும். எனக்கு ஹெஸ்கெத் வீட்டின் பின்கதவு. அவள் அம்மா மிஸஸ் ஹெஸ்கெத் ஆலைக்குப் போயிருப்பார், நோரா மட்டும் இருப்பாள். நாங்கள் பழகியது ஒருவருக்கும் தெரியாது. சமையலறை ஜன்னலடியில் ஒரு தையல் மெஷின் இருந்தது. அதன் மர மூடிக்குள்ளிருந்துதான் டீத்தூள் டப்பாவை எடுப்பாள். தேயிலையும் ரேஷனாக இருந்த நாளில் அம்மா ஒளித்து வைத்துப் பழகிய இடம் அது.

அவளுக்கு ஒரு புரோச் கொடுத்தேன். சட்டையில் குத்திக்கொள்வது, நீலக் கல் வைத்தது. ஃபீல்டன் நகைக்கடையில் திருட்டுப் போன அன்று, உடைந்த கண்ணாடிக்கு நடுவில் கிடந்தது. கடைக்காரருக்கு எப்படியும் இன்ஷூரன்ஸ் பணம் வரும். யாருக்கும் நஷ்டமில்லாத காரியம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

நோரா அப்படி நினைக்கவில்லை. "இது ஃபீல்டன் கடைச் சரக்கு. அன்னிக்கு முதல்ல உள்ள போன போலீஸ்காரன் நீதானே, ரோலி?"

"சும்மா கிடந்துச்சு."

"அப்ப சார்ஜென்ட் கிட்டயும் அதையே சொல்லு. நீ சொல்லலேன்னா நான் போய்ச் சொல்றேன்."

துப்பறியும் பிரிவுக்கு என் பெயர் போயிருந்த வாரம் அது. ஒரு புரோச்சுக்காக ஒரு நல்ல போலீஸ்காரனை இந்த மாவட்டம் இழக்கலாமா? அவளோடு கால்வாய் மதகு வரை பேசிக்கொண்டே நடந்தேன். அவள் கேட்கவில்லை. தண்ணீருக்குள் போனதும் கரைக்கல்லைப் பிடித்துக்கொண்டாள். பூட்ஸ் காலை அவள் விரல்கள் மேல் வைத்தேன். அதிக நேரம் வைக்க வேண்டியிருக்கவில்லை.

தெரு என் ரோந்தில் இருந்ததால், தகவல் சொல்ல சார்ஜென்ட் என்னையே அனுப்பினார். மிஸஸ் ஹெஸ்கெத் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இந்த நாட்டுப் போலீஸ்காரன் அப்போது என்ன செய்வானோ அதைத்தான் செய்தேன். கெட்டிலை அடுப்பில் ஏற்றினேன். மெஷின் மூடியைத் தூக்கி டப்பாவை எடுத்தேன். இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். எனக்கு மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

பெர்சி டக்டேல் பழைய துணி வாங்கி விற்பவன். கால்வாய் ஓரம் தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிவான். புரோச்சை அவன் வண்டியிலிருந்து எடுத்தது நான்தான், அதை அங்கே வைத்தவனும் நான்தான். நகைக்கடையில் திருடியதை நோரா கண்டுபிடித்ததால் கொன்றேன் என்ற வாக்குமூலத்தில் கையெழுத்து மட்டும் அவனுடையது. சிறையில் அவனுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைத்தது, வெளியே அதுகூட இல்லை. அங்கேயே இறந்துபோனான். அவன் தங்கை இதை இந்தக் கோணத்தில் பார்க்க மறுத்தாள். ஆண்டுக்கணக்காக மனு போட்டாள். ஒவ்வொன்றையும் நானே படித்து, நானே கனிவாகப் பதில் எழுதினேன்.

அந்தக் கைதுதான் என்னைத் துப்பறியும் பிரிவில் சேர்த்தது. மற்றதெல்லாம் படிப்படியாக வந்தது, கடைசியில் சர் பட்டம் வரைக்கும். ஆனால் நோராவின் பிறந்தநாளை நான் மறந்ததே இல்லை. ஒவ்வொரு வருடமும் இஞ்சி கேக் வாங்கிக்கொண்டு போவேன். "டீய நீயே போட்டுடு தம்பி, எனக்கு முட்டி வலி," என்பார் மிஸஸ் ஹெஸ்கெத். நானே போடுவேன். அந்தச் சமையலறைக்குப் புது அலமாரிகள் வந்தன. ஆனாலும் டீத்தூள் மெஷின் மூடிக்குள்ளேயே இருந்தது. எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது. ஊரையே சந்தேகப்பட்டவன்தான். ஆனால் ஒரு கிழவியின் டீத்தூளைச் சந்தேகப்பட்டால் சிரிக்க மாட்டார்களா?

நான் ஓய்வு பெற்ற பிறகு, இந்த வருடம் போனபோது, முன்னறையில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். தன் அக்கா மகள் என்றார் மிஸஸ் ஹெஸ்கெத். உங்கள் ஷூ மின்னிய மின்னலில் போலீஸ் என்று எனக்குப் புரிந்துவிட்டது. திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் வயதான பெண்மணி டீ கேட்கிறாரே. மூடியைத் தூக்கினேன்.

"அன்னிக்கும் இப்படித்தான்," என்றார் மிஸஸ் ஹெஸ்கெத். "டீத்தூள் எங்கேன்னு நீ கேக்கவே இல்ல, தம்பி. நேரா மூடியத் தூக்கின. அது எனக்கும் எம் பொண்ணுக்கும் மட்டும்தான் தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே, அம்மா?"

"யாருகிட்ட? முதல்ல நீ டிடெக்டிவ். அப்புறம் அவங்களுக்கெல்லாம் பெரியவன். அப்புறம் எல்லாருக்கும் மேல. எங்க புகார் குடுத்தாலும் சுத்திச் சுத்தி உன் மேசைக்குத்தானே வரும். நீ அந்த நாற்காலிய விட்டு எறங்கற வரைக்கும் சாகக் கூடாதுன்னு ஓட்ஸ் கஞ்சியக் குடிச்சுக்கிட்டுக் கிடந்தேன்." பிறகு கேக்கைத் தள்ளி வைத்தார். "வருஷா வருஷம் நினைப்பேன், இந்தத் தடவையாவது கேப்பான்னு. ஒரு தடவ கேட்டிருந்தாக்கூட, அன்னிக்கு ஏதோ தற்செயல்னு மனசத் தேத்திக்கிட்டிருப்பேன்."

ஒரு விஷயத்தில் அவர் என்னைத் தவறாகப் புரிந்துகொண்டார். அந்த மேசையைக் காப்பதற்காக நான் மேலே போகவில்லை. மக்களுக்கு உழைக்கத்தான் போனேன். டேப்பில் இது தெளிவாகப் பதிய வேண்டும்.

சரி. இதைக் கொட்டிவிட்டு வேறு தேநீர் போடலாம். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், நானே போடுகிறேன். டீத்தூள் எங்கே இருக்கிறது, ராத்போன்?

பாருங்கள், கேட்டுவிட்டேன். டேப்பில் இந்த இடத்தை மட்டும் மிஸஸ் ஹெஸ்கெத்துக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர் மனம் ஆறிவிடும்.