பன்னிரண்டு நாள் நாற்றம்

— சாம்பிராணிச் சட்டியை முதல்ல வெளிய கொண்டுபோயி வைங்க தங்கச்சி. இந்தப் புகைக்குள்ள எதைத் தேடுறது?

— நாலு நாளா இதைத்தான் போட்டுட்டு ஈக்கிறேன் சுந்தரம்மாக்கா. இல்லாட்டி ஹோலுக்குள்ள நிக்க ஏலா.

— சாம்பிராணி நாத்தத்துக்கு மேல போர்வை போடும், அவ்வளவுதான். பயப்படாதீங்க. மாத்தளை டவுன்ல நான் தேடிப்போயி அகப்படாத நாத்தம் இன்னும் வரல. மாமியார் எப்ப வாறாங்க?

— நாளைக்குப் பகல் ரயில்ல. ஹஜ்ஜுக்குப் போன கப்பல் நேத்துக் கொழும்புக்கு வந்திட்டு. கூட்டிட்டு வர என்ட மாப்பிள்ளை அங்க பெய்த்தார். மாமிக்கு ஸலாம் சொல்ல முழுத் தெருவும் வரும். வந்த ஆக்கள் மூக்கைப் பொத்தினா நான் எங்க போய் ஒளிய? மூணு மாசம் வீட்டை என்ட கையிலதானே தந்துட்டுப் போன.

— ஏசுவாங்களோ?

— ஏசமாட்டா. சிரிப்பா. கலியாணம் முடிச்சு வந்த புதுசில ஒருநாள் பால் அடிப்பிடிச்சது தெரியாம நிண்டுட்டேன். அந்த நாள்லயிருந்து வாற போற எல்லாருக்கிட்டயும், ‘கலேவெலயிலிருந்து வந்த எங்கட மருமகளுக்கும் மூக்கு ஒண்டு ஈக்கி, சும்மா அழகுக்கு’ எண்டு சொல்லிச் சிரிக்கிறா. அதைத்தான் எனக்குத் தாங்க ஏலா.

— சரி, கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. எப்ப ஆரம்பிச்சுச்சு?

— இண்டைக்குப் பன்னெண்டு நாள்.

— நாளுக்கு நாள் கூடுதா, குறையுதா?

— கூடுது.

— அப்ப செத்த எலி இல்ல. எலின்னா கொஞ்ச நாள்ல காஞ்சு அடங்கிரும். எந்நேரம் மோசம்?

— லுஹர் தொழுகை நேரம், உச்சி வெயிலுக்கு. கூரைத் தகரம் சூடேறினா வாசல் வரைக்கும் வரும். காலையில அவ்வளவு இல்ல. அழுக்குத் தண்ணி ஓடுற கானைக் கழுவினேன், பாயெல்லாம் காயவெச்சேன், அலுமாரியை இழுத்துப் பின்னுக்கும் பாத்துட்டேன். நீங்க ஒருக்கா மோந்து பாருங்களே.

— உங்க வீடு. நீங்கதான் மோக்கணும். இந்தச் சுவரோரமா மெதுவா நடங்க, கூடுற எடத்துல நில்லுங்க. எப்படி இருக்கு? அழுகின இறைச்சி மாதிரியா, பூனை மூத்திரம் மாதிரியா?

— ரெண்டுமில்ல. புளிச்ச வாடை. எங்கட ஊர் வயல்ல தண்ணி வத்தி, சேத்துக்குள்ள வைக்கோல் அழுகினா வருமே, அது மாதிரி.

— நல்லாச் சொல்றீங்க. அப்ப எங்கயோ தண்ணிக்குள்ள ஒண்ணு கெட்டுக் கெடக்கு. இன்னும் நடங்க.

— இந்த இடம்தான் கடும். ஆனா அக்கா, இது மாமிட அறை.

— நானும் அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். கதவுக்குக் கீழ பாருங்க, குட்டி ஈயெல்லாம் போறதும் வாறதுமா இருக்கு. தொறங்க.

— ஏலாது. ‘என்ட அறையைத் தொறக்க வாணாம் மகள்’ எண்டு சொல்லிட்டுத்தான் போன. பூட்டக்கூட இல்ல. என்ட சொல்லை நம்பி வெச்சிட்டுப் போன அறை.

— தொறக்காட்டி நாளைக்கு அவங்களே தொறப்பாங்க, தெருவே பின்னுக்கு நிக்கும். அது உங்களுக்குச் சம்மதமா?

— பிஸ்மில்லாஹ். தள்ளுறேன்.

— கட்டிலுக்குக் கீழ பாருங்க.

— ஒரு பானை ஈக்கி. பலகை மூடி பக்கத்துல விழுந்து கிடக்கு. சிமெந்தெல்லாம் ஈரம். உள்ளுக்கு… யா அல்லாஹ். பாக்கு. தண்ணியில ஊறப்போட்ட பாக்கு.

— மூணு மாசமா தண்ணி மாத்தாத பாக்கு. இந்தப் பன்னெண்டு நாளைக்குள்ளதான் எலி மூடியைத் தள்ளியிருக்கணும். மாமியாருக்குப் பல்லு எப்படி?

— ரெண்டு பல்லு ஆடுது. ஒருத்தருக்கும் சொல்லல்ல, சாப்பிடக்குள்ள நான் கண்டிருக்கேன். அதுதான் மெல்ல லேசா இப்படி ஊறவெச்ச பாக்கு. அதுதான் அறையைத் தொறக்க வாணாம் எண்ட. அப்ப இது என்ட பிழை இல்ல.

— இல்லவே இல்ல. ஆட்டாமத் தூக்குங்க. வாழைக்குக் கீழ குழி தோண்டிக் கொட்டி மண்ணை மூடுங்க. சிமெந்துக்குச் சாம்பலும் சுண்ணாம்பும் போட்டு, தேங்காய் மட்டையால ரெண்டு தரம் தேய்ப்போம். மெத்தையை வெயில்ல போடுங்க. பொறகு ஜன்னலைத் தொறந்துவிட்டு, கட்டிலுக்குக் கீழ ஒரு தட்டு அடுப்புக்கரி வைங்க. நாளைக்கு ஹாஜியார் அம்மா கால் நீட்டிப் படுக்கலாம்.

— தேச்சுத் தேச்சு என்ட கை பொரிஞ்சு போச்சு.

— இப்ப மோந்து பாருங்க. மூலைக்கும் போங்க.

— சுண்ணாம்பு வாசம் மட்டும்தான்.

— அப்ப போயிருச்சு. மாமியாருக்கு என்ன சொல்லப் போறீங்க? பானையைக் கழுவி அதே எடத்துல வெச்சா ஒண்ணும் தெரியாது.

— வாணாம். ‘தொறந்தேன் மாமி, பாக்கு நாறிச்சு’ எண்டு முகத்தைப் பாத்தே சொல்லுவேன். பல்லுக் கதையை மட்டும் சொல்லமாட்டேன், பாவம். சுந்தரம்மாக்காட மூக்குதான் கண்டுபிடிச்ச எண்டும் சொல்லுவேன். என்ட மூக்கு அழகுக்குத்தானே. இந்தாங்க, இது என்ட கலியாணத்துக்கு வந்த ரோசா அத்தர். நீங்க வெச்சுக்கொள்ளுங்க. மோந்து பாருங்களேன்.

— அது உங்ககிட்டயே இருக்கட்டும் தங்கச்சி. பதினெட்டு வருஷம் ஸ்டோர்ல மிளகு புடைச்சேன். தூசி ஏறி ஏறி, வாசம் நாத்தம் ரெண்டுமே எனக்குத் தெரியாமப்போயி ஆறு வருஷமாச்சு. இன்னைக்கு இந்த வீட்டுல வேலை செஞ்சது ஒரே ஒரு மூக்குதான். அதையும் சேத்து மாமியார்கிட்ட சொல்லுங்க.