வேம்புலிக்குக் கண்ணீர் அஞ்சலி

வேம்புலி: டேய் டில்லிபாபு! உயிரோட கீற மன்சனுக்கு கண்ணீர் அஞ்சலி பேனர் அடிச்சி வெள்ளானூர் ரோட்ல கட்டி வச்சிகீறியே... பிளக்ஸ் கடை நடத்துறியா, இன்னாடா நடத்துற?

டில்லிபாபு: கத்தாத மாமே. மிஸ்டேக் ஆயிடுச்சி.

வேம்புலி: மிஸ்டேக்கா? என் மூஞ்சிக்கு மேல ரெண்டு கண்ணு தண்ணி ஊத்திகினு கீது. சுத்தி மாலை வேற!

டில்லிபாபு: ஏணி எடுத்துகினு வரேன். இப்பவே கழட்டிடலாம்...

வேம்புலி: இருடா! எவன் கழட்ட சொன்னான்? என் போன பாரு. 'தலைவா போயிட்டியா'ன்னு காலைலேந்து கதறிகினு கீறானுங்க. உயிரோட ஆடினப்பகூட இவ்ளோ லைக் வரல.

டில்லிபாபு: தூ... இதுல பெரும வேற.

வேம்புலி: பின்ன? ஒருத்தன் அந்த பேனர் முன்னாடியே என்ன நிக்க வச்சி செல்பி எடுத்துகினான் மச்சான்.

டில்லிபாபு: செத்தவன்கூடவா?

வேம்புலி: 'செத்த மாரியே தெரில தல, ஜம்முனு கீற'ன்றான்!

டில்லிபாபு: எல்லாம் அந்த ஒரு ரீல்சு குடுத்த வாழ்வு.

வேம்புலி: போன வருசம் நைனா சாவுல நான் ஆடின ஆட்டம் அப்டி! பூந்தமல்லி வரைக்கும் பேசறான்.

டில்லிபாபு: ஆடினத யாரு குத்தம் சொன்னா? வீடியோ சரியா வரலன்னு பாடைய நிக்க வச்சி மறுக்கா ஆடினியே... உங்க அண்ணன் கொள்ளிச்சட்டிய புடிச்சிகினு வெயில்ல நின்னாரு. அதத்தான் ஊரே பாத்து சிரிச்சிச்சி.

வேம்புலி: அன்னிலேந்து கஜபதி அண்ணன் என்கூட பேசறதே இல்ல... டேய், அவரு டூட்டிக்கு அந்த ரோட்லதான போவாரு?

டில்லிபாபு: ம்.

வேம்புலி: பேனர பாத்திருப்பாரு இல்ல?

டில்லிபாபு: ...பாத்திருப்பாரு.

வேம்புலி: பதறிப் பூட்டிருப்பாருடா! இன்னா இருந்தாலும் கூடப் பொறந்தவன். ஒரு போன் போடேன் அவருக்கு.

டில்லிபாபு: நீயே போடு.

வேம்புலி: என் நம்பர பிளாக் பண்ணிட்டாரு.

டில்லிபாபு: நேத்து உங்க நைனாவுக்கு தெவசமாச்சே. போனியா?

வேம்புலி: வானகரத்துல பிரியாணி கடை தொறப்பு... நான் ஆடினாதான் ரிப்பன் வெட்டுவேன்னு ஓனரு ஒரே அடம்... இன்னா பண்றது? பேரு கீது இல்ல?

டில்லிபாபு: கீது, கீது.

வேம்புலி: கலாய்க்காதடா... பேரு இருந்து இன்னாத்துக்கு? ஊரே வந்து கை குடுக்குது. அவரு ஒரு தபா 'இன்னாடா, துன்னியா'ன்னு கேட்டா போதும்டா எனக்கு. பேனரு ரெண்டு நாளு இருக்கட்டும். ஓடியாந்து என்ன உயிரோட பாக்கட்டும். செவுள்ல ஒண்ணு உட்டாகூட வாங்கிக்கிறேன்.

டில்லிபாபு: வர மாட்டாரு மாமே.

வேம்புலி: நீ கண்டியா?... ஆமா, பேனர்ல கீற என் போட்டோ ஏது உனக்கு? என் கல்யாணத்துல அண்ணனும் நானும் நின்னு எடுத்துகினது. அவரு ஊட்லதான கீது?

டில்லிபாபு: நேத்து சாய்ங்காலம் அவரேதான் கொண்டாந்து குடுத்தாரு. 'எனக்கு இருந்தது ஒரே தம்பி, அவனும் செத்துட்டான், பேனர் போடு'ன்னாரு. போட்டோல உன் தோள் மேல அவரு கை இருந்துச்சி மாமே... அத்த வெட்டிட சொன்னாரு. சொல்லிட்டு, நான் வெட்றத பாக்க முடியாம வெளிய போயி நின்னுகினாரு.