கிளுவை வேலிக்குள் ஒரு நல்ல இடம்

கோயமுத்தூரில் முகூர்த்த நாளில் கல்யாண மண்டபம்கூடக் கிடைத்துவிடும்; நாயைக் கயிறில்லாமல் ஓடவிட ஒரு நல்ல இடம் கிடைக்காது. நாய் வளர்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும், இன்ஸ்பெக்டர் அம்மணி.

பூங்காவில் போர்டு வைத்திருக்கிறார்கள். குளக்கரையில் காவலாளி விசில் ஊதுகிறான். எங்கள் குடியிருப்பிலோ நாயைக் கட்டாமல் வெளியே கொண்டுவரக் கூடாதென்று விதி. சங்கத் தலைவர் என்ற முறையில் அந்த விதியைக் கொண்டுவந்தவன் நான்தான். அது மற்றவர்களின் நாய்களை நினைத்துப் போட்டது. என் கர்னலும் மேஜரும் ராட்வைலர்கள். பாட்டன் பூட்டன் பெயரோடு சான்றிதழ் உள்ளவை. கயிறு மாட்டினால் முகம் வாடிப்போகும். என் மில்லில் வேலை செய்கிறவர்கள் முகத்தைக்கூட நான் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

மதுக்கரை தாண்டித்தான் நாச்சியம்மாளின் கொறங்காடு கண்ணில் பட்டது. ஆடு மேய்க்கவென்றே விட்ட நிலம். சுற்றிலும் ஆளுயரத்துக்குக் கிளுவை முள்வேலி; பூனை நுழைய இடுக்கு இல்லை. போக வர ஒரே வழி, மூங்கில் படல். அதற்கு வெளியே சிமெண்ட் லாரிகள் பறக்கிற ரோடு.

கேட்காமல் நுழைகிற ஆள் இல்லை நான்.

"ஏனுங்க, நம்ம பசங்க சித்த நேரம் ஓடியாடட்டுங்களா?"

"ஆடு கெடக்குதுங்களே..." என்று இழுத்துவிட்டுச் சிரித்தார். "பாத்துக்கலாங்க."

எங்கள் பக்கத்தில் மூஞ்சிக்கு நேரே யாரும் முடியாது என்று சொல்வதில்லை. 'பாத்துக்கலாங்க' என்றால் வேண்டாம் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் வாய் சொன்னது அதைத்தானே? சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

தினமும் காலையில் போனோம். ஒரு நாள் கர்னல் ஒரு குட்டியைக் கவ்வினான். விளையாட்டுக்குத்தான், குட்டிக்கு விளையாடத் தெரியவில்லை. மறுநாள் பெரிய பிஸ்கட் பாக்கெட்டாகப் பார்த்து நாச்சியம்மாளிடம் கொடுத்தேன். நாய் பிஸ்கட் இல்லை, மனிதர்கள் தின்பது. வாங்கிக்கொண்டார்.

போன செவ்வாய்க்கிழமை காரில் உட்கார்ந்து ஒரு போன் பேசிவிட்டு உள்ளே போனால், என் கர்னல் வெள்வேல மரத்தில் கட்டப்பட்டிருக்கிறான். கழுத்தில் புழுக்கை ஒட்டிய ஆட்டுக்கயிறு.

"சினை ஆட்டத் தொரத்திப்போட்டானுங்க. அதான் புடிச்சுக் கட்டிப்போட்டனுங்க. கூட்டிட்டுப் போயிருங்க, இனி இங்க வர வேண்டாமுங்க. கட்டிவெக்க மனசு வல்லீன்னா ஊட்டுல மெத்தை மேல உக்கார வெச்சுக்கோங்க."

எனக்குக் கோபம் வராது. மில்லில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். என் கோபத்தைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது அங்கே வேலையில் இல்லை.

கர்னலை அவிழ்த்துவிட்டேன். வெளியே வந்து படலைச் சாத்தினேன். அவனைக் கட்டியிருந்த ஆட்டுக்கயிறு என் கையில் சும்மாதானே இருந்தது. அதனால் படலை இறுக்கிக் கட்டினேன். பிறகு 'பிடி' என்றேன். அது பயிற்சியாளர் சொல்லித்தந்த சொல். மாதக்கணக்கில் பழக்கியதை ஒரு முறையாவது சோதித்துப் பார்க்க வேண்டாமா? மேஜர் எப்போதும் அண்ணனைப் பார்த்துச் செய்கிறவன்.

"ஏனுங்க, படலத் தொறங்க. ஏனுங்க..."

கடைசிவரை 'ஏனுங்க' என்றுதான் கூப்பிட்டார். மரியாதை தெரிந்த மனுஷி, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். சத்தம் அடங்கியபின் திறந்தேன். அந்த அம்மா செத்துப்போனதில் எனக்கும் வருத்தம்தான். அன்றைக்கு என் பசங்க இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவே இல்லை.

வெளியே நின்று படலைக் கட்டியது யார் என்று உங்கள் ஏட்டு திரும்பத் திரும்பக் கேட்கிறார். நான்தான். இதில் மறைக்க என்ன இருக்கிறது? லாரிகள் அப்படிப் பறக்கிற ரோடு, அம்மணி. படல் திறந்து கிடந்து என் பசங்க ரோட்டுக்கு ஓடியிருந்தால், யார் பதில் சொல்வது?