கதவு போய் விழுந்த மலை

இல்லைத் தம்பி, களைக்கேல்லை. கதை நிக்காத வரைக்கும் அக்காவுக்குக் களைப்பில்லை எண்டு வைச்சுக்கொள். ஓம், நீ கேட்டது விளங்கினது. இண்டைக்குப் பின்னேரம் ரொறொன்ரோவுக்கு நீ ரெலிபோன் எடுக்கவேணும். நீ பாத்து வைச்ச மாப்பிளைக்கு, சிவமலர் அக்கா ஓம் எண்டிட்டா எண்டோ, இல்லை எண்டிட்டா எண்டோ ஒரு சொல் சொல்லவேணும். அந்தச் சொல் என்ரை வாயிலை இருந்து வரவேணும். வரும் ராசா. சாந்தா ரொசாலியா எண்ட புனிதையின்ரை குகை வாசலுக்குப் போய்ச் சேரமுந்தி வரும். செருப்பில்லாமல் மலை ஏறுறவளை அவசரப்படுத்தக் கூடாது. இத்தாலியிலை, இந்தப் பலெர்மோவிலை இருக்கிற எங்கடை சனம் முருகனுக்கு ஏறுற மாதிரித்தானே இந்த மலைக்கு ஏறுது. நேர்த்தியை வைச்சுக்கொண்டு ஏறேக்கை ஆரும் மணிக்கூட்டைப் பாக்கிறதோ?

யப்பான் கதையை அரைவாசியிலை விட்டிட்டன், அதை முடிச்சிடுறன். சம்பந்தம் இருக்கு. சம்பந்தமில்லாமல் நான் என்னத்தைக் கதைச்சிருக்கிறன்?

சரி, சிரிக்காதை.

நான் வேலை செய்யிற வீட்டு எசமானி, சிஞ்ஞோராவின்ரை மகன் வேலைக்கெண்டு யப்பானுக்குப் போய் அங்கத்தைப் பெட்டையைக் கட்டினவன் எல்லே. அதோடை இந்த மனிசி மகனோடை பேச்சை விட்டிட்டுது. அவன் ரெலிபோன் எடுத்தால் என்னைக் கதைக்கச் சொல்லிப்போட்டு, தான் கிட்ட நிண்டு கேட்டுக்கொண்டு நிக்கும். மகன் சுகமோ எண்டு கேக்காது. அவன் இருமுறானோ எண்டு என்னைக் கேக்கும். மனிசற்றை வீம்பைப் பார் தம்பி, பாசத்தைக்கூட வேலைக்காரியின்ரை வாயாலை அனுப்புது. பேந்து ஒரு பேரன் பிறந்தான். படம் வந்தது. மனிசி படத்தைக் குசினி மேசையிலை வைச்சு, மூக்கு எங்கடை மூக்கு எண்டுது. அடுத்த நாள் பெட்டியை இறக்கு எண்டுது.

அப்பிடித்தான் வைகாசியிலை போனது. சிஞ்ஞோராவுக்கு முழங்கால் சரியில்லை. குளிக்கவாக்க, உடுப்பு மாத்த நான் வேணும். படி வந்தால் தூக்க ஒரு ஆள் வேணும். ஓம், ஒரு ஆள் வந்ததுதான். ஆரெண்டு பேந்து சொல்லுறன், நீ நட.

மருமகளின்ரை ஊர் நாகனோ எண்ட பட்டினத்துக்கு மேலை, மலைக்குள்ளை. வாற வருசம் பனி ஒலிம்பிக் நடக்கப்போகுதே, அந்த நாகனோதான். அங்கையிருந்து பஸ் வளைஞ்சு வளைஞ்சு ஏறி, காது அடைச்சுத் திறக்கேக்கை வாற ஊருக்குத் தொகாகுஷி எண்டு பேர். ஒரே மலையிலை அஞ்சு கோயில், மேலை கீழையா. எல்லாத்துக்கும் மேலை இருக்கிற கோயிலுக்குப் போற பாதையைக் கேள்: ரெண்டு பக்கமும் எங்கடை பனையை மூண்டு நாலு ஒண்டுக்கு மேலை ஒண்டு நட்டமாதிரி உயரமான மரங்கள், வெய்யில் ஊசி ஊசியா விழும். வைகாசியிலையும் ஓரத்திலை பனி கிடக்கு. அந்தப் பாதையின்ரை தொடக்கத்திலை ஒரு வாசல் நிக்குது. வாசலைக் கண்டவுடனை நான் என்ன செய்தனான் எண்டு நினைக்கிறாய்?

அதேதான். செருப்பைக் கழட்டிப்போட்டன்.

அங்கை ஒருத்தரும் கழட்டுறேல்லையாம். மண்டபத்துக்குள்ளை போகேக்கை மட்டுந்தானாம். எனக்கென்ன தெரியும்? கோயில் வாசல் எண்டால் கால் தானாக் கழட்டும். திரும்பிப் பாக்கிறன், எனக்குப் பக்கத்திலை இன்னொரு சோடிச் சப்பாத்து, அதுக்குள்ளை காலுறை மடிச்சு வைச்சபடி. நான் சொல்லேல்லை, கேக்கேல்லை. அந்தாள் பனிக்குள்ளை வெறுங்காலோடை நிண்டு, போவமா எண்டமாதிரிப் பாக்குது. ரெண்டுபேரும் வெளிக்கிட்டம். கொஞ்சத் தூரம் போக, பின்னாலை ஒரு கிழவி ஓடிவருகுது, ஒரு கையிலை என்ரை செருப்பு, மற்றக் கையிலை அந்தச் சப்பாத்து. பாவம், வெளிநாட்டுச் சனம் சப்பாத்தைத் துலைச்சிட்டுது எண்டு நினைச்சுப்போட்டுது. நாங்கள் கும்பிட்டு வேண்டாம் எண்ணுறம், அது குனிஞ்சு குனிஞ்சு இந்தா எண்ணுது. கடைசியிலை கிழவி எங்கடை காலைப் பாத்தது, கோயில் பக்கம் பாத்தது, விளங்கியிட்டுது. சப்பாத்துகளை ஒரு மரத்துக்குக் கீழை வடிவா, சோடி சோடியாப் பக்கத்திலை பக்கத்திலை வைச்சிட்டுப் போனது. தம்பி, பாசை தெரிஞ்ச சனம் பிழையா விளங்கிக்கொண்டு சண்டை பிடிக்கிற உலகத்திலை, பாசை தெரியாத கிழவி ஒண்டு காலைப் பாத்து மனசை விளங்கிக்கொண்டுது. இதை யோசிக்கவேணும்.

பிரசங்கம் இல்லை. சரி, கொஞ்சம் பிரசங்கந்தான்.

ஆரந்த ஆளோ? அவசரக்காரா. றோபேட். சிஞ்ஞோரா வீட்டிலை சமைக்கிற மொரிசியஸ்காரன். நீயும் கண்டிருக்கிறாய், பல்லரோச் சந்தையிலை மீனை மணந்து பாத்திட்டுத் திருப்பி வைக்கிறவன் எண்டு சொல்லிச் சிரிச்சனீ.

என்ன நிண்டிட்டாய்? கீழை துறைமுகம் வடிவாத்தான் தெரியுது, ஆனால் நீ துறைமுகத்தைப் பாக்கிற முகமாத் தெரியேல்லை. நட, நட. ஒரு சமையல்காரன் சிஞ்ஞோராவைத் தூக்க வந்ததிலை என்ன? கடைசிப் பக்கம் கல்லுப்படி செங்குத்து. அவன் மனிசியை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு வெறுங்காலோடை ஏறினான். மனிசி ஒரு கையாலை அவன்ரை கழுத்தைப் பிடிச்சு, மற்றக் கையாலை ஊண்டுதடியை வாள் மாதிரி நீட்டிக்கொண்டு, இடம் விடுங்கோ எண்டு இத்தாலியனிலை கத்துது. வாற போற யப்பான் சனம் எல்லாம் ஒதுங்கி நிண்டு கும்பிடுகுது. எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயித்துக்குள்ளை பிடிச்சிட்டுது.

மேலை நிண்டு மருமகள் அந்த மலையின்ரை புராணத்தைச் சொன்னவள். சூரிய அம்மனுக்குக் கோவம் வந்து, குகைக்குள்ளை போய்க் கல்லுக்கதவைச் சாத்திக்கொண்டாவாம். உலகம் இருட்டு. ஏன் கோவம் எண்டு கேக்கேல்லையே நீ? தம்பிக்காரன் செய்த அட்டகாசம். நான் சொல்லேல்லை ராசா, அவையின்ரை புராணம் சொல்லுது. மற்றத் தெய்வங்கள் கூடி யோசிச்சினமாம். கெஞ்சிப் பாத்தும் திறக்கேல்லை. கடைசியிலை ஒரு பெண்தெய்வம் வாசலிலை நிண்டு விசரி மாதிரி ஆட, எல்லாத் தெய்வமும் கொல்லெண்டு சிரிக்க, உள்ளுக்கை இருந்தவவுக்குப் பொறுக்கேல்லை, நானில்லாமல் என்ன சிரிப்பு எண்டு ஒரு நீக்கல் திறந்து பாத்தாவாம். அந்த நீக்கலிலை கையைக் குடுத்துக் கதவைப் புடுங்கி ஒரு பலசாலி எறிஞ்சான், அது பறந்து வந்து விழுந்ததுதான் அந்த மலை. பாத்தியே? சாத்தின கதவைப் புத்தி சொல்லித் திறக்க ஏலாது, சந்தோசத்தாலை திறக்கலாம். அதைக் கேட்டிட்டுச் சிஞ்ஞோரா மருமகளைத் தனக்குப் பக்கத்திலை இருத்தி, அவளின்ரை கையைத் தன்ரை மடியிலை எடுத்து வைச்சுக்கொண்டுது. மன்னிப்பு அது இது எண்டு ஒரு சொல் இல்லை. கை குளிருது, கையுறை போடு எண்டு ஏசினது. எனக்குக் கண்ணாலை தண்ணி வந்தது. றோபேட் அங்காலை திரும்பி நிண்டவன்.

இரு, சாப்பாட்டை விடக் கூடாது. அங்கை கறுத்த மாவிலை நூடில்ஸ் செய்து, குளுந்த தண்ணியிலை அலசி, உப்புமில்லை புளியுமில்லை, ஒரு தட்டிலை சுருட்டி வைப்பினம். எல்லாரும் உறிஞ்சிச் சாப்பிடுகினம். நான் மெதுவாக் கைப்பையைத் திறந்து மிளகாய்த்தூள் போத்திலை எடுக்கிறன், றோபேட் சட்டைப்பையுக்கை இருந்து தன்ரை ஊர் ஊறுகாய்ப் போத்திலை எடுக்கிறான். ரெண்டுபேரும் களவெடுக்கப் போய்ப் பிடிபட்ட ஆக்கள் மாதிரி.

தமிழ் தெரியாதவனோ? தெரியாதுதான். ஆனால் அவன்ரை அப்பன் பாட்டன் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்த ஆக்கள். ஒரு முழுத் தேவாரம் பாடமாக்கி வைச்சிருக்கிறான், ஒரு சொல்லுக்கும் கருத்துத் தெரியாமல். நாங்கள் கருத்துத் தெரிஞ்சு வைச்சுக்கொண்டு பாட்டை மறந்திட்டம். ஆர் மேல் எண்டு நீயே சொல்லு.

நிஞ்ஜா எண்டு கேள்விப்பட்டிருக்கிறியே? படத்திலை கறுத்த உடுப்போடை கூரையிலை பாயிறவை. அந்த ஊரிலை முந்தி அவைக்குப் பயிற்சி குடுத்ததாம். இப்ப சின்னப் பிள்ளையளுக்குக் காட்ட நிஞ்ஜா வீடு கட்டி வைச்சிருக்கினம். வாசலிலை இரும்பு நட்சத்திரம் எறியிற விளையாட்டு. எல்லாரும் எறிஞ்சு நிலத்திலை விழுத்த, சிஞ்ஞோரா கதிரையிலை இருந்தபடி ஒண்டை எறிஞ்சுது, நட்ட நடுவிலை குத்தினது. ஆரை நினைச்சு எறிஞ்சனீங்கள் எண்டு கேட்டன், செத்துப்போன மனிசனை எண்டுது.

பேந்து வீட்டுக்குள்ளை போனம். தம்பி, அது வீடில்லை, வில்லங்கம். உள்ளுக்கை விட்டிட்டுக் கதவைச் சாத்திவிடுவினம். வெளியிலை போற வழியை நாங்கள்தான் தேடவேணும். சுவரெண்டு நினைச்சது சுழலும், அலுமாரிக்குப் பின்னாலை படி இருக்கும். ஒரு அறை முழுக்கச் சரிவு. நிமிந்து நிண்டால் விழுத்தும், தலை கிறுகிறுக்கும். சிஞ்ஞோரா மகனோடை முன்னாலை போயிட்டுது. நானும் றோபேட்டும் அந்தச் சரிவிலை மாட்டுப்பட்டம். நான் ஒரு பக்கம் தள்ளுறன், தட்டுறன், பலகையைச் சுறண்டுறன், கதவைக் காணேல்லை. நான் விழப்போக அவன் கையைப் பிடிச்சவன்.

ஓம், கையைத்தான். அறை சரிவு எண்டு சொன்னனான் எல்லே.

நீயும் தேடன் றோபேட் எண்டன். மலர், எனக்குக் கெதியாக் கண்டுபிடிக்கவேணும் எண்டில்லை எண்டான். இத்தாலியனிலை சொன்னவன். இத்தாலியனிலை என்னட்டை எவ்வளவோ கதைச்சிருக்கினம்: தரையைத் துடை, யன்னலைப் பூட்டு, இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோக் கடுதாசி எங்கை, நாளைக்கு வேளைக்கு வா. அந்தப் பாசையிலை இப்பிடியும் கதைக்கலாம் எண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும்.

கத்தாதை. அங்கை பார், கிழவியள் எல்லாம் செபமாலையோடை ஏறுகினம்.

எனக்குத் தெரியும் தம்பி, நீ ஏன் கோவப்படுறாய் எண்டு. அப்பா போனபிறகு, அக்காவைக் கரையேத்தாமல் நான் கட்டமாட்டன் எண்டு நிண்டனீ. நிரோசினியைக் காக்க வைச்சுக்கொண்டிருக்கிறாய். அந்தப் பிள்ளையும் உன்னை ஏசாமல் இருக்குது. மற்றவையின்ரை படியைக் கழுவிக் கழுவி என்னை இஞ்சை கூப்பிட்டனீ. ரொறொன்ரோ மாப்பிளையையும் அக்கா நல்லா இருக்கவேணும் எண்டுதான் பாத்தனீ. நான் நன்றி கெட்டவள் இல்லை. ஆனால் ஒண்டு கேள்: கரையேத்துறதெண்டால், தண்ணிக்குள்ளை நிக்கிறவள் எந்தக் கரையைப் பாத்து நீந்துறாள் எண்டு ஒருக்காத் திரும்பிப் பாக்கவேணும். அவளுக்குப் பின்னாலை இருக்கிற கரையிலை நிண்டு கயிறு எறியக் கூடாது.

ஆ, வந்திட்டம், குகை தெரியுது. மறுமொழி தானே? அதுக்கு நீ பின்னேரம் ரெலிபோன் எடுக்கத் தேவையில்லை. நேற்று நானே ரொறொன்ரோவுக்கு எடுத்துக் கதைச்சிட்டன். நல்ல மனிசன். நேர சொன்னதுக்குச் சந்தோசம், நல்லா இருங்கோ எண்டவர். உன்னோடை கோவமில்லையாம்.

இன்னொண்டு. ஆவணியிலை கலியாணத்துக்கு நாள் வைச்சாச்சு. ஐயர் ஜேர்மனியிலை இருந்து வாறார், சிஞ்ஞோரா தன்ரை வீட்டு மண்டபத்தைத் தருகுது. எல்லாம் சரி, மாப்பிளைத்தோழன் இல்லாமல்தான் நிக்குது. மாப்பிளை வந்து இறங்கேக்கை அவரின்ரை காலைக் கழுவிக் கூட்டிக்கொண்டு வாறது பொம்பிளையின்ரை தம்பியெல்லே; அதுக்கு மாப்பிளை தோழனுக்கு மோதிரம் போடவேணும் எண்டு நான் சொல்ல, றோபேட் அண்டைக்கே கபோச் சந்தையடியிலை இருக்கிற நகைக்கடைக்குப் போயிட்டான். போன ஞாயிறு நீ நித்திரையாக் கிடக்கேக்கை நான்தான் உன்ரை விரலை நூலாலை அளவெடுத்தனான். நீ சின்னனிலை மாதிரி விரலை மடக்கிக்கொண்டு படுக்கிறாய், அளவு வடிவாப் பிடிபடேல்லை. மோதிரம் ஒரு நூல் தளர்வா இருக்கும். அண்டைக்கு மட்டும் கழண்டு விழாமல் கையைப் பொத்திக்கொண்டிரு, ராசா.